காசு கொடுத்து வாங்கியது நமக்குச் சொந்தமா?

போலந்துத் தலைநகர் வார்சாவிலிருந்து 2025 டிசம்பர் இறுதியில் ஒரு வணிகச் செய்தி வந்தது. 'சிடி ப்ராஜெக்ட்' என்ற பங்குச்சந்தை நிறுவனம், தனக்குச் சொந்தமான 'ஜிஓஜி' என்ற இணையக் கடையை விற்றுவிட்டது. வாங்கியவர், அந்த நிறுவனத்தையே தொடங்கிய இருவரில் ஒருவரான மிஹாவ் கிச்சின்ஸ்கி. விலை ஏறத்தாழ 9 கோடி ஸ்லோட்டி. டாலரில் சுமார் இரண்டரைக் கோடி. உலக வணிகத்தில் அன்றாடம் புரளும் தொகைகளோடு ஒப்பிட்டால் இது சில்லறை. எனினும், அந்தக் கடை எதை விற்கிறது, எப்படி விற்கிறது என்பதைக் கவனித்தால், நம் அனைவரையும் தொடும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இணையத்தில் காசு கொடுத்து வாங்கும் பொருள் நமக்குச் சொந்தமா? சந்தையிலிருந்து மறைந்துபோகும் படைப்புகளைக் காப்பது யார் பொறுப்பு?

ஜிஓஜி விற்பது கணினி விளையாட்டுகளை. ரம்மி போலப் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை இங்கே குறிப்பிடவில்லை. கதை, ஓவியம், இசை, கணிதம் ஆகியவை கூடி உருவான, திரைப்படத்துக்கு இணையான படைப்புகளைச் சொல்கிறேன். 'நல்ல பழைய விளையாட்டுகள்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரோடு 2008இல் இந்தக் கடை தொடங்கப்பட்டது. அந்தப் பெயரின் முதலெழுத்துகளே இன்றைய பெயர். தொடக்கத்தில் விலை இரண்டே வகை: 5.99 டாலர், 9.99 டாலர்.

பழைய விளையாட்டை விற்பது பழைய புத்தகத்தை விற்பது போன்றதன்று. 1990களில் 'டாஸ்' இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட மென்பொருள் இன்றைய விண்டோஸ் கணினியில் தானாக ஓடாது. புதிய கணினிக்குள் பழைய கணினியைப் போலச் செய்துகாட்டும் 'டாஸ்பாக்ஸ்' என்ற கட்டற்ற மென்பொருளை ஆர்வலர்கள் உருவாக்கி வைத்திருந்தார்கள். அத்தகைய கருவிகளை விளையாட்டோடு இணைத்து, சோதித்து, வாங்குபவர் எளிதாக நிறுவிக்கொள்ளும்படி கட்டிக் கொடுப்பதுதான் இந்தக் கடையின் உழைப்பு. வாங்கி விளையாடிய பிறகும் 30 நாள்களுக்குள் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்ற விதியை 2020இல் அறிவித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது விற்கும் விளையாட்டுகளுக்கு டிஜிட்டல் பூட்டு கிடையாது. வாங்கியவர் நிறுவல் கோப்பைத் தன் வன்தட்டில் சேமித்து வைத்துக்கொண்டு, இணைய இணைப்பு இல்லாமலும் என்றைக்கும் ஆடலாம்.

பூட்டில்லாத பொருளைத் திருட்டு நகல் எடுத்துவிட மாட்டார்களா? இந்தக் கேள்விக்கான விடை போலந்தின் வரலாற்றில் இருக்கிறது. பொதுவுடைமை ஆட்சி முடிந்த பின் அங்கே மென்பொருள் சந்தை என்பது பெரும்பாலும் திருட்டு நகல் சந்தைதான். மென்பொருளையும் உள்ளடக்கிய பதிப்புரிமைச் சட்டம் 1994இல்தான் வந்தது. அதே ஆண்டில் கிச்சின்ஸ்கியும் அவருடைய பள்ளித் தோழர் மார்சின் இவின்ஸ்கியும் சிடி ப்ராஜெக்ட் நிறுவனத்தைத் தொடங்கினர். தெருவில் மலிவாகக் கிடைக்கும் நகலோடு விலையில் போட்டியிட முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். 'பால்டர்ஸ் கேட்' என்ற விளையாட்டை 1999இல் போலிஷ் மொழிக்குக் கொண்டுவந்தபோது, தேர்ந்த நடிகர்களைக் குரல் கொடுக்க வைத்து, வரைபடமும் நூலும் சேர்த்து அழகிய பெட்டியில் விற்றனர். நகலில் கிடைக்காத மதிப்பைக் கொடுத்தால் மக்கள் காசு கொடுப்பார்கள் என்ற பாடம் அங்கே கிடைத்தது.

பொருளியல் கண்ணோட்டத்தில் இது எளிய கணக்கு. பூட்டை உடைப்பதற்கு உலகில் ஒருவர் போதும். உடைத்த நகல் பிறகு எல்லோருக்கும் கிடைத்துவிடும். பூட்டின் தொல்லையை நாள்தோறும் அனுபவிப்பவர் நேர்மையாகக் காசு கொடுத்தவர் மட்டுமே. திருடியவருக்குத் தரமான பொருளும் வாங்கியவருக்குக் குறையுள்ள பொருளும் கிடைப்பது எந்தச் சந்தைக்கும் நல்லதன்று. சிடி ப்ராஜெக்ட் உருவாக்கிய 'தி விட்சர் 3' 2015இல் ஜிஓஜியில் பூட்டில்லாமலே வெளியானது. எல்லாக் கடைகளையும் சேர்த்து அதன் விற்பனை 2023க்குள் 5 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. பூட்டில்லாததால்தான் விற்றது என்று சொல்ல மாட்டேன். பூட்டில்லாமல் விற்றால் வணிகம் அழிந்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லலாம்.

இனி இரண்டாவது கேள்வி. அமெரிக்காவின் காணொளி விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று எந்தக் கடையிலும் முறையாக விற்பனைக்கு இல்லை என்பது அதன் முடிவு. பழையதை யாரும் வாங்க மாட்டார்கள், அதனால் மறைந்தன என்று சொல்வது எளிது. ஆனால், வாங்குவோர் இருந்தும் விற்க முடியாமல் போனவை உண்டு.

'சிஸ்டம் ஷாக் 2' ஒரு சான்று. 1999இல் வெளியாகி விமர்சகர்களின் பெரும் பாராட்டைப் பெற்ற விளையாட்டு இது. அதை உருவாக்கிய 'லுக்கிங் கிளாஸ்' நிறுவனம் 2000இல் மூடப்பட்டது. அதன் பதிப்புரிமை ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. பெயருக்கான வணிகச் சின்னமோ 'எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்' நிறுவனத்திடம் இருந்தது. ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டும் விற்பார் இல்லை. 2012இல் ஸ்டீபன் கிக் என்ற விளையாட்டு ஓவியர் அந்தக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டார், உரிமம் கிடைத்தது. 2013இல் ஜிஓஜி வழியாக அந்த விளையாட்டு மீண்டும் விற்பனைக்கு வந்தது.

எல்லாக் கதைகளும் இப்படி முடிவதில்லை. 2000இல் வெளியான 'நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்' என்ற விளையாட்டையும் மீட்க அதே கிக்கின் நிறுவனம் முயன்றது. அதன் உரிமை மூன்று பெருநிறுவனங்களுக்கிடையே சிதறிக் கிடக்கலாம் என்ற நிலையில், தம்மிடம் என்ன ஆவணம் இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் செலவுக்குக்கூட அவை ஆயத்தமாக இல்லை. முயற்சி கைவிடப்பட்டது. நோபல் பரிசு பெற்ற ரொனால்டு கோஸ் விளக்கிய 'பரிவர்த்தனைச் செலவு' என்பது இதுதான். பொருளின் விலையைவிட, உரியவரைக் கண்டுபிடித்துப் பேசி முடிக்கும் செலவு கூடுதலாகும்போது சந்தை செயலற்றுப் போகிறது. மைக்கேல் ஹெல்லர் 1998இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் மாஸ்கோ நகரைக் காட்டினார். நடைபாதைப் பெட்டிக்கடைகளில் சரக்கு நிறைந்திருக்க, பின்னாலிருந்த பெரிய கடைகள் காலியாகக் கிடந்தன. ஒவ்வொரு கடையின் மீதும் தடுக்கும் உரிமை பலருக்கு இருந்ததே காரணம். பழைய மென்பொருள்களின் நிலையும் அந்தக் காலிக் கடைகளின் நிலைதான்.

'சொந்தம்' என்ற சொல்லின் நிலை இன்னும் மோசம். 2014இல் வெளியான 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டின் சர்வர்களை யூபிசாஃப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று நிறுத்தியது. விலை கொடுத்து வாங்கியவர்களும் அதன்பின் ஆட முடியவில்லை. இதனை எதிர்த்துத் தொடங்கிய இயக்கத்தின் மனுவுக்கு, 2025 ஜூலைக்குள் ஐரோப்பியக் குடிமக்கள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டம், திரும்பப் பறிக்கக்கூடிய உரிமத்தை மட்டும் கொடுத்துவிட்டு அதை 'வாங்குதல்' என்று கடைகள் மொட்டையாக விளம்பரப்படுத்துவதைத் தடுக்கிறது. இணைய இணைப்பின்றி நிலையாகப் பயன்படுத்தும்படி பதிவிறக்கித் தருபவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. சட்டத்தின் பார்வையில் ஜிஓஜி விற்பதும் உரிமம்தான். ஆனால், கோப்பு வாங்கியவரின் வன்தட்டில் இருக்கும்போது, அதை யாரும் தொலைவிலிருந்து பறிக்க முடியாது. நடைமுறையில் இதுவே சொந்தம்.

அப்படியானால் இந்தப் பொறுப்பை ஒரு கடையிடமே விட்டுவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. நாட்டுக்கு நாடு மாறும் விலை வேறுபாட்டை வாடிக்கையாளருக்கு ஈடுகட்டிவந்த திட்டத்தை ஜிஓஜி 2019இல் நிறுத்தியது. அதைத் தாங்கும் அளவுக்கு லாபம் இல்லை. 2021இல் நட்டம் கண்டு, அடிப்படைத் தொழிலுக்குத் திரும்புவதாகத் தாய் நிறுவனம் அறிவித்தது. 2024 நவம்பரில் 100 விளையாட்டுகளுடன் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, எதிர்காலக் கணினிகளிலும் அவற்றை ஓட வைப்பதாக உறுதியளித்தது. அடுத்த ஆண்டே கடை கைமாறியது. காலாண்டுக்கு ஒரு முறை பங்குதாரர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய நிறுவனத்தைவிடத் தனி உரிமையாளர் பொறுமையாக இருக்கக்கூடும். ஆயினும், ஒருவருடைய பற்றை நம்பி ஒரு கலைத்துறையின் நினைவை ஒப்படைக்க இயலாது. மேலும், எந்தக் கடையும் விற்பதைத்தான் காக்கும். விற்காததைக் காப்பது நூலகத்தின் வேலை.

நூலகங்களுக்கோ கைகள் கட்டப்பட்டுள்ளன. விற்பனையில் இல்லாத விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து பார்க்கத் தர அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கையை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்தது. மாறாக, பிரான்ஸ் 1992லேயே தன் தேசிய நூலகத்துக்குப் பிரதி வழங்கும் சட்டக் கடமையை மென்பொருளுக்கும் விரிவாக்கியது.

நாமும் இதில் வெறும் பார்வையாளர்கள் அல்லர். 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதிகள் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குச் சென்றாக வேண்டும். இங்கே உருவாகும் மென்பொருளுக்கும் விளையாட்டுகளுக்கும் அந்தக் கடமையை விரிவாக்கலாம். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 31ஏ பிரிவு, உரிமையாளரைக் கண்டறிய முடியாத படைப்பை உரிய கட்டணம் செலுத்தி வெளியிட வழி தருகிறது. அதை நீதிமன்ற அலைச்சல் இல்லாத எளிய நடைமுறையாக்கலாம். இணையக் கடைகள் 'வாங்கு' என்று எழுதும் இடத்தில், தருவது உரிமம் மட்டுமே என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லுமாறு நுகர்வோர் விதிகளில் சேர்க்கலாம். இதற்கு அரசுக்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை.

விளையாட்டுக்குத்தானே இவ்வளவு பேச்சு என்று தோன்றலாம். மின்னூல், திரைப்படம், இசை என நாம் இன்று வாங்கும் பலவும் இதே ஒப்பந்தத்தின் கீழ்தான் வருகின்றன. வாங்குபவரை நம்பி, பூட்டின்றிப் பொருளைக் கையில் கொடுத்தும் 17 ஆண்டுகள் ஒரு கடை நடத்த முடியும் என்பதை ஜிஓஜி காட்டியிருக்கிறது. அந்த நம்பிக்கையைப் பொதுவிதியாக்கும் வேலை சட்டமியற்றுவோரிடம் இருக்கிறது.