வழிகாட்டிக்கு ஓர் இருக்கை

 

சென்ற ஷஅபான் மாதத்தில் நெருங்கிய உறவினர் ஒருவரின் இல்லத்து நிக்காஹ் வைபவத்திற்காகக் காயல்பட்டினத்திலிருந்து கீழக்கரைக்குக் காரில் புறப்பட்டோம். வண்டியை என் மைத்துனர் ஓட்டினார். நான் அவர் பக்கத்தில். பின்னிருக்கையில் மாமி அவர்களும், என் மனைவியும், பிள்ளைகள் இருவரும். தூத்துக்குடியைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறியதும், மைத்துனர் தமது கைப்பேசியில் வழிகாட்டும் வரைபடத்தைத் திறந்து, டேஷ்போர்டின் மேல் கண்ணாடிக்குக் கீழே சாய்த்து வைத்துக்கொண்டார். நம்மில் பெரும்பாலோர் செய்வதுதான்.

வேம்பாரை நெருங்கும் வேளையில் ஒரு வேகத்தடை வந்தது. அதைத் தாண்டி அவர் வேகத்தைக் கூட்டியதும் கைப்பேசி சறுக்கி அவர் காலடியில் விழுந்தது. "கிடக்கட்டும், பிறகு எடுக்கலாம்" என்றார். சற்றைக்கெல்லாம் முன்னால் சென்ற உப்பு லாரி வேகம் தணிந்தது. மைத்துனர் பிரேக்கை மிதித்தார். மிதி பாதியில் நின்றுவிட்டது! கைப்பேசி முன்னோக்கி நழுவி மிதியின் அடியில் ஆப்பு வைத்தாற்போல் சிக்கிக்கொண்டிருந்தது. அவர் குதிகாலால் அதை உதைத்துத் தள்ளி மீண்டும் மிதிக்கவும், நான் கைப்பிரேக்கை இழுக்கவும், வண்டி குலுங்கி நின்றது. லாரியில் அடுக்கியிருந்த உப்பு மூட்டைகளின் தையல் முடிச்சுகளை என்னால் எண்ண முடிந்தது, இடைவெளி அவ்வளவுதான். அல்ஹம்துலில்லாஹ். மாமி அவர்கள் கீழக்கரை போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தையும் பேசவில்லை; தஸ்பீஹ் மணிகளின் ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

வழிகாட்டியே வேண்டாம் என்று அன்றிரவு பெரியவர் ஒருவர் தீர்ப்புச் சொன்னார். நான் அதை ஏற்கவில்லை. கி.பி. 622இல் ஹிஜ்ரத் புறப்பட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களும் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்களும் அப்துல்லாஹ் பின் உரைகித் என்ற வழிகாட்டியைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டார்கள் என்பதை நாம் அறிவோம். அவர் அப்போது இஸ்லாத்தைத் தழுவாதவர். ஆயினும் பாலைவன வழிகளைத் துல்லியமாக அறிந்தவர். ஸவ்ர் குகையிலிருந்து பலரும் செல்லாத கடலோர வழியாக அவர்களை அழைத்துச் சென்றார். வழியறிந்தவரின் துணையை நாடுவது தவக்குலுக்கு முரணானதன்று. நமது தவறு வழிகாட்டியை அழைத்ததில் இல்லை. அவருக்கு உட்கார இடம் கொடுக்காததில் இருந்தது.

இத்தனைக்கும் கடையில் வாங்கிய தாங்கி ஒன்று அந்த வண்டியிலேயே இருந்தது. கண்ணாடியில் ஒட்டும் ரப்பர்க் கிண்ணம் உடையது. மூன்று முறை கழன்று விழுந்ததால் பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தார். அதற்குக் காரணம் வெயில். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஆய்வாளர்கள் கடும் கோடையில் கார்களை வெயிலில் நிறுத்தி வெப்பத்தை அளந்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே மணி நேரத்தில் டேஷ்போர்டின் வெப்பம் சராசரியாக 69 பாகை செல்சியஸ் ஆகிவிட்டதாம். நம் ஊர்ச் சித்திரை வெயிலும் சளைத்ததன்று. அந்தச் சூட்டில் ரப்பர்க் கிண்ணம் தளர்ந்துவிடும்; உருக்கி ஒட்டும் பசைக் குச்சியின் பசையும் இளகிவிடும். ஆகவே, வீட்டில் தாங்கி செய்ய விரும்புவோர் பசையை நம்ப வேண்டாம். மரத்தையும் திருகாணியையும் நம்புங்கள்.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். மைத்துனரின் வண்டியில் குளிர்காற்று வரும் துவாரங்களுக்குக் கீழே, நடுவில், சில்லறை போட்டு வைக்கும் திறந்த மாடம் ஒன்று உண்டு. அதற்குள் இறுக்கமாகப் பொருந்தும் மரக்கட்டைதான் அடித்தளம். முதலில் பழைய திருமண அழைப்பிதழ்களின் அட்டையை வெட்டி, மாடத்துக்குள் செருகிச் செருகிப் பார்த்து அளவு எடுத்தேன். நான்கு அட்டைகள் வீணாயின. இந்தப் பொறுமை இல்லாதவர்கள் மரத்தை வீணாக்க நேரும். பிறகு தச்சுப்பட்டறையில் கழிவாகக் கிடந்த தேக்குத் துண்டைக் கேட்டு வாங்கி அந்த அளவுக்கு அறுத்தேன். கட்டையைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூபை ஒரு சுற்றுப் போர்த்தியதும், தட்டித்தான் உள்ளே செலுத்த வேண்டிய இறுக்கம் வந்தது. அந்த இறுக்கமே இதன் உயிர்.

கட்டையின் முகப்பில் 9 செ.மீ. அகலமும் 14 செ.மீ. உயரமும் உள்ள பலகை ஒன்று, சற்றே பின்னுக்குச் சாய்ந்து நிற்கிறது. சாய்வு இல்லாவிட்டால் வண்டி கிளம்பும்போது கைப்பேசி நம்மை நோக்கிக் கவிழும். பலகையின் அடியில் 2 செ.மீ. அகலத்தில் ஒரு விளிம்பு. அதன் நடுவில் மின்னேற்றும் கம்பி நுழைய ஒரு வெட்டு. இரு பக்கமும் மெல்லிய சட்டங்கள். எல்லாவற்றையும் திருகாணியால் முடுக்கினேன். முன்னதாகத் துளையிட்டுக்கொள்ளாவிட்டால் மரம் பிளந்துவிடும். டியூபைக் குறுக்கே வெட்டினால் நல்ல ரப்பர் வளையங்கள் கிடைக்கும். கைப்பேசியின் மேற்பகுதியைப் பலகையோடு சேர்த்துப் பிடிக்க அவற்றுள் ஒன்றைப் போட்டேன். வெயிலில் ரப்பர் கெட்டுப்போகும். வெடிப்புக் கண்டதும் மாற்றிவிட வேண்டும், காசா பணமா!

ஓரங்களையும் மூலைகளையும் உப்புத்தாளால் தேய்த்து உருட்சியாக்கியதில்தான் நேரம் அதிகம் பிடித்தது. அழகுக்காக அன்று. வண்டி எங்கேனும் மோதினால் முன்னிருக்கையில் இருப்பவரின் கையோ முழங்காலோ அதில் படலாம் அல்லவா? திருகாணித் தலை எதுவும் வெளியே துருத்தி நிற்கக் கூடாது என்பதும் இதற்காகத்தான்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த கவனம் தேவை. இடப்பக்க இருக்கைக்கு எதிரே ஏர்பேக் என்று ஆங்கில எழுத்துகள் பொறித்திருந்தால் அந்தப் பகுதியில் எதையும் வைக்காதீர்கள். மோதும்போது அந்தக் காற்றுப்பை கண் இமைக்கும் நேரத்துக்குள் வெடித்து விரியும். மேலே இருக்கும் பொருளை முகத்தில் எறிந்துவிடும். 2019 ஜூலை முதல் தயாரான கார்களில் ஓட்டுநர் பக்கமும், பின்னர் முன்னிருக்கைப் பயணியின் பக்கமும் இது கட்டாயமாக்கப்பட்டது. கியர்க் கம்பியை அசைக்கவும் அபாய விளக்கின் விசையை அழுத்தவும் தாங்கி இடையூறாக இருக்கக் கூடாது. ஓட்டுநரின் சாலைப் பார்வையை மறைக்கவும் கூடாது. நான் செய்த தாங்கியில் கைப்பேசி காற்றுத் துவாரத்தின் எதிரிலேயே நிற்கிறது. குளிர்காற்று பட்டு அது சூடாகாமல் இருப்பது நான் எதிர்பாராத நன்மை. ஆனால் பார்வை சற்றுத் தாழ வேண்டியிருக்கிறது என்பதையும் மறைக்க மாட்டேன். அதனால் குரலைக் கேட்டே ஓட்டும்படி மைத்துனரிடம் சொல்லியிருக்கிறேன். அந்தக் குரலுக்குரிய அம்மணி நம் ஊர்ப் பெயர்களை உச்சரிக்கும் அழகு தனி!

சட்டமும் இதையே சொல்கிறது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, ஓட்டும்போது கைப்பேசியைக் கையாள்வது ஆபத்தாக ஓட்டும் குற்றத்தில் அடங்கும். 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த விதி, வழியறிவதற்கு மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில், அதைப் பயன்படுத்த இடமளிக்கிறது. ஆகவே போய்ச் சேரும் ஊரைப் புறப்படும் முன்பே குறித்துவிட வேண்டும். பயண துஆ ஓதுவதற்கு முன் அந்த வேலை முடிந்திருக்கட்டும். இடையில் மாற்ற வேண்டுமானால் பக்கத்தில் இருப்பவர் மாற்றலாம். இல்லையேல் வண்டியை ஓரமாக நிறுத்துங்கள்.

செய்து முடித்ததும் நேராகக் கைப்பேசியை வைத்துவிடவில்லை. ஏறக்குறைய அதே எடையுள்ள சலவைச் சோப்புக் கட்டி ஒன்றை அதில் வைத்து வளையத்தை மாட்டி, ஆள் நடமாட்டமில்லாத மைதானத்தில் வண்டியை ஓட்டித் திடீர் திடீரென்று பிரேக் போட்டுப் பார்த்தோம். முதல் முறை சோப்பு விழுந்தது. விளிம்பை அரை சென்டிமீட்டர் உயர்த்திய பின் விழவில்லை. பிள்ளைகளுக்கு அன்று பெருநாள் போல இருந்தது.

ரமலானுக்குப் பிறகு கீழக்கரைக்கு மீண்டும் ஒருமுறை போய்வந்தோம். வேகத்தடைகள் அப்படியேதான் இருக்கின்றன. வேம்பாரைத் தாண்டியதும் மாமி அவர்கள் பின்னிருக்கையிலிருந்து எட்டிப் பார்த்து, "அது இருக்குதா?" என்று கேட்டார்கள். இருந்தது. இப்போது மைத்துனரின் நண்பரும் ஒன்று கேட்டிருக்கிறார். அவருடைய வண்டியில் திறந்த மாடம் இல்லை. தம்ளர் வைக்கும் குழிதான் உண்டு. அதற்கு வட்டமான அடித்தளம் வேண்டும். அட்டை வெட்டத் தொடங்கியிருக்கிறேன். சரியாக அமைந்தால் அதன் அளவுகளை அடுத்த இதழில் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.