வாயைக் கட்டினா போதுமா?

"வாயைக் கட்டினா தானா குறையும் மச்சி!" குண்டா இருக்குற நண்பனிடம் நீங்களும் சொல்லியிருப்பீங்க. அக்கறைன்னுதான் நினைச்சிருப்பீங்க.

அமெரிக்காவில் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்று எடை குறைக்கும் டிவி போட்டி. அதில் கலந்துகொண்ட 14 பேரை 6 வருஷம் கழித்து ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். முடிவு 2016-ல் வெளியானது. 13 பேருக்கு எடை திரும்ப ஏறியிருந்தது. சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் சக்தியோ, அவர்கள் எடைக்கு எதிர்பார்ப்பதைவிட தினமும் சுமார் 500 கலோரி குறைவு. அதாவது, அதே எடையுள்ள இன்னொருவர் அளவுக்குச் சாப்பிட்டாலே இவர்களுக்கு ஏறும்.

டிரெய்னர், டாக்டர் எல்லாம் கூட இருந்து குறைத்தவர்களுக்கே இந்த நிலை. உடம்பே எதிர்த்து நிற்கும்போது, அதைச் சோம்பேறித்தனம்னு சொல்ல நாம யாரு?

அவனே கூப்பிட்டா கூட நடங்க. இல்லைன்னா, அவன் தட்டை விட்டுட்டு உங்க தட்டைப் பாருங்க.