சாயம் இடாத வீடு

‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்னும் அடைமொழி இந்நாளில் மிகவும் மலிந்துவிட்டது. சலவைத்தூளுக்கும் அது உண்டு. சொகுசு விடுதிக்கும் அது உண்டு. மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்து, நீச்சல் குளம் கட்டி, அறைக்கு அறை குளிர்சாதனப் பெட்டி வைத்துவிட்டு, வாயிலில் மூங்கிலால் ஒரு பெயர்ப்பலகையைத் தொங்கவிட்டால் போதும்; அவ்விடுதி இயற்கையின் தோழனாகிவிடுகிறது! உண்மையில் இயற்கைக்கு உகந்த விடுதி எது? புதிய கருவிகளைச் சேர்த்துக்கொண்ட விடுதியா, தங்குவோரின் தேவைகளைக் குறைக்கச் செய்யும் விடுதியா? பின்னதே என்பது என் துணிபு. இதனை விளக்க, இங்கிலாந்து நாட்டில் குவேக்கர்கள் என்னும் சிறு சமயக் குழுவினர் போற்றிவரும் தங்குமனைகளை எடுத்துக்கொள்கிறேன்.

குவேக்கர் என்போர் யார்?

பதினேழாம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் (1624–1691) தோற்றுவித்த இயக்கம் இது. ‘நண்பர்கள் சங்கம்’ என்பதே இன்று அவர்களுடைய முறையான பெயர். இறைவன் திருமுன் நடுங்குவோர் என்று பிறர் ஏளனமாக அழைத்த பெயரே குவேக்கர் என நிலைத்துவிட்டது. ஒவ்வொரு மனிதனுள்ளும் இறையொளி உண்டு என்பது அவர்கள் கொள்கை. ஆகவே, இங்கிலாந்தில் அவர்களுடைய வழிபாட்டில் குருமார் இல்லை, பலிபீடம் இல்லை. எல்லோரும் ஓர் அறையில் மௌனமாக அமர்ந்திருப்பர். உள்ளம் உந்தினால் ஒருவர் எழுந்து சில சொற்கள் பேசுவார், மீண்டும் மௌனம். சங்க அலுவல்களிலும் வாக்கெடுப்பு கிடையாது. மனங்கள் ஒன்றுபடும்வரை காத்திருந்து, பின்னரே முடிவை எழுதுவர். போரை மறுத்து, போரால் நொந்தோர்க்குத் தொண்டு புரிந்த பிரிட்டன், அமெரிக்க நாடுகளின் குவேக்கர் அமைப்புகள் இரண்டுக்கும் 1947-ஆம் ஆண்டில் அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வாய்மை, எளிமை, சமத்துவம், அமைதி என்பன அவர்களுடைய வாழ்க்கை நெறிகள். 2011-இல் கான்டர்பரி நகரில் கூடிய பிரிட்டன் குவேக்கர்களின் ஆண்டுப் பேரவை, கரி வெளியீட்டைக் குறைத்து வாழும் சமுதாயமாகத் தாங்கள் மாறவேண்டும் என்று உறுதி பூண்டது. இஃது அவர்களுக்குப் புதுச் சரக்கு அன்று. எளிமை என்னும் பழைய நெறியின் தொடர்ச்சியே ஆகும்.

லாயம் தந்த இடம்

இங்கிலாந்தின் வடமேற்கில் ஏரி மாவட்டம் என்னும் எழில்மிகு மலைநாடு இருக்கிறது. அங்கே ரஸ்லண்ட் பள்ளத்தாக்கில், ரூக்ஹவ் என்னும் இடத்தில், 1725-இல் கட்டப்பட்ட குவேக்கர் கூட்டமனை ஒன்று உண்டு. சிதறிக் கிடந்த பல ஊர்களின் நண்பர்கள் சங்க அலுவல்களுக்காகக் கூட, நடுவில் அமைந்த இடம் வேண்டியிருந்தது. அவர்கள் குதிரையேறி வந்தார்கள். ஆதலால் குதிரைகளுக்கு லாயமும் கட்டினார்கள். காலம் மாறியது, குதிரைகள் மறைந்தன. ஆனால் லாயத்தை இடித்து அவ்விடத்தில் மாளிகை எழுப்பவில்லை. அதனையே செப்பனிட்டு, குழுவாக வருவோர் தங்கும் எளிய கூடமாக்கினார்கள். அடுக்குக் கட்டில்கள், பொதுச் சமையலறை, சுற்றிலும் காடு: இவ்வளவே அங்குள்ள செல்வம்.

இதில் அடங்கியுள்ள கணக்கைச் சிந்தித்துப் பாருங்கள். புதிய கட்டடம் ஒன்றை எழுப்பச் செங்கல்லும் சிமெண்டும் இரும்பும் வேண்டும். அவற்றைச் சுடவும் உருக்கவும் ஏராளமான எரிபொருள் வேண்டும். நிற்கின்ற கட்டடத்தைப் பழுதுபார்த்துப் பயன்படுத்தினால் அச்செலவில் பெரும்பகுதி மிச்சம். இருபது பேர் தனித்தனி அறைகளில் தங்கினால் இருபது அறைகளைச் சூடாக்க வேண்டும். ஒரு கூடத்தில் கூடியிருந்தால் ஒரு கணப்பு போதும். பழைய கல்வீடு குளிர்காலத்தில் எளிதில் சூடேறாது என்பது உண்மைதான். அதனாலேயே அங்கு மனிதர்கள் ஒருவரையொருவர் நாடி ஓரிடத்தில் அமர்கிறார்கள். பணியாளர் சமைத்துப் பரிமாறும் விடுதியில் விருந்தினருக்கு மிச்சம் வைப்பதில் கூச்சம் இருப்பதில்லை. தானே அரிந்து, தானே சமைத்து, தானே பாத்திரம் துலக்குபவன் சோற்றை வீணாக்க மாட்டான். இங்கே சிக்கனத்தைக் கற்பிப்பது சுவரில் ஒட்டிய அறிவிப்பு அன்று, வேலையே கற்பிக்கிறது.

வுல்மன் காட்டிய அளவுகோல்

இந்த எளிமையின் வேரைக் காண வேண்டுமானால் ஜான் வுல்மன் (1720–1772) என்னும் அமெரிக்கக் குவேக்கரை அறிய வேண்டும். அடிமை முறையை எதிர்த்துத் தம் வாழ்நாள் முழுதும் உழைத்தவர் அவர். அடிமைகளின் உழைப்பில் விளைந்தது என்பதால் சர்க்கரையை நீக்கினார். 1772-இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது, வீண் வேலைப்பாடு மிகுந்த உயர் வகுப்பு அறையை மறுத்து, மாலுமிகளுக்கு அருகே கீழ்த்தளத்தில் பயணம் செய்தார். இங்கிலாந்தில் குதிரை வண்டிகளின் வேகத்துக்காகக் குதிரைகளும் வண்டிச் சிறுவர்களும் வதைபடுவதைக் கேட்டு, அவ்வண்டிகளில் ஏறாமல் யார்க் நகர்வரை நடந்தே சென்றார். அங்கேயே அம்மை நோயால் உயிர் துறந்தார்.

அவர் சாயமிட்ட துணியையும் உடுத்தவில்லை. சாயம் அழுக்கைப் போக்குவதில்லை, மறைக்கிறது என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. என்ன ஆழமான கருத்து! இன்று ‘பசுமை’ என்னும் பெயரில் விற்கப்படும் எத்தனையோ பொருள்கள் பச்சைச் சாயம் பூசியவை அல்லவா? அழுக்கு உள்ளே அப்படியே இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியவில்லை.

மறுப்புகளுக்கு மறுமொழி

இதனை மறுப்போர் உளர். வசதி படைத்த வெள்ளையர் சில நாள் ஏழையாக நடிக்கும் விளையாட்டு இது என்பது முதல் மறுப்பு. இதில் பாதி உண்மை உண்டு. விரும்பி ஏற்கும் எளிமை வேறு; வேறு வழியின்றிச் சுமக்கும் வறுமை வேறு. வறுமையை எளிமை என்று பாராட்டுவது கொடுமை. ஆனால் பூமிக்குப் பெருஞ்சுமையாக இருப்பது மிகுதியாக நுகர்வோரின் வாழ்வே அன்றோ? அவர்கள் குறைத்துக்கொள்ளப் பழகுவதை எள்ளி நகையாடுவதால் யாருக்கு என்ன பயன்?

நெடுந்தொலைவு காரில் வந்தால் விடுதியில் மிச்சப்படுத்தியது எல்லாம் வழியிலேயே கரைந்துவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. இதனை முழுமையாக ஏற்கிறேன். ஆளுக்கொரு காரில் வந்து இறங்கிவிட்டு அடுக்குக் கட்டிலில் படுப்பது வுல்மனின் வழி ஆகாது. குழுவாகத் தங்குவோர் குழுவாகவே இரயிலிலோ ஒரே வண்டியிலோ வரவேண்டும்.

குவேக்கர்களும் குறையற்றவர்கள் அல்லர் என்பது மூன்றாவது. மெய்தான். குவேக்கர் குடும்பமான காட்பரி குடும்பத்தின் நிறுவனம், தான் வாங்கிய கொக்கோ சான் தோமே தீவில் அடிமை உழைப்பால் விளைவது என்று 1901-இல் கேள்வியுற்றும், 1909-இல்தான் அதனை வாங்குவதை நிறுத்தியது. சர்க்கரையை உடனே நீக்கிய வுல்மனின் அளவுகோலால் அளந்தால் இந்த எட்டாண்டுத் தாமதம் நீண்டதே. நெறியின் பெருமை, அதனைப் போற்றுவோரையே நிறுத்துப் பார்க்க உதவுவதில் இருக்கிறது.

வசதி என்னும் கறையான்

இத்தகைய இல்லங்களுக்கு உண்மையான ஆபத்து இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. ஒன்று, வசதி. டி. ஏ. லெனார்ட் என்னும் சமயப் போதகர், 1891-இல் லங்காஷயரின் கோல்ன் என்னும் ஆலை நகரத்து மக்களை ஏரி மாவட்டத்துக்கு நடைப்பயணம் அழைத்துச் சென்றார். உழைப்பாளிகளுக்கு எளிய, கூட்டு விடுமுறை வேண்டும் என்று 1893-இல் கூட்டுறவு விடுமுறைச் சங்கம் கண்டார். நாளடைவில் அது நடுத்தர வகுப்பாரின் வசதிக்கு வளைந்துவிட்டதாகக் கருதி, 1913-இல் வேறொரு சங்கம் தொடங்கினார். பிற்காலத்தில் அவரும் குவேக்கர் ஆனார்.

மற்றொன்று, பணம். பர்மிங்ஹாமில் ஜார்ஜ் காட்பரியின் பழைய இல்லத்தில் 1903-இல் தொடங்கப்பட்ட உட்புரூக் கல்வி நிலையத்தில் 1930-இல் தாகூர் தங்கினார். 1931-இல் காந்தியடிகள் தங்கினார். அத்துணைப் பெருமை வாய்ந்த இல்லத்தை நடத்தும் செலவைத் தாங்க இயலாமல், 2023-இல் அதனை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆடம்பர விடுதிகள் பெருகும் காலத்தில் எளிய இல்லங்கள் மூடப்படுவது நாகரிகத்தின் வளர்ச்சியாகுமா? ஒருமுறை கைவிட்ட பொதுக்கூடத்தை மீண்டும் பெறுதல் எளிதன்று.

நாம் செய்யத்தக்கது

இந்நெறி நம் மண்ணுக்கு முற்றிலும் அயலானதன்று. 1928-இல் சென்னைக்கு ஆசிரியையாக வந்த மார்ஜரி சைக்ஸ் அம்மையார் (1905–1995) குவேக்கர் நெறியைத் தழுவி, சாந்திநிகேதனிலும் காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் துறையிலும் பணியாற்றி, நீலகிரியின் கோத்தகிரியில் பல்லாண்டுகள் வாழ்ந்தவர்.

மாணவ நண்பர்களே! நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சிற்றூர்ப் பள்ளிக்கூடத்துத் தரையில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்து, முறை வைத்துச் சமைத்து, ஒரே குழாயடியில் தட்டு கழுவுகிறோமே, அது வசதிக்குறைவு அன்று. அதுவே நாம் அறிந்த சிறந்த ‘பசுமை விடுதி’. நம் ஊர்களில் பூட்டிக் கிடக்கும் உறுதியான பழைய கட்டடங்களை இடித்துத் தள்ளாமல், மாணவரும் உழைப்பாளரும் குறைந்த செலவில் கூடித் தங்கிச் சிந்திக்கும் மனைகளாக அரசும் ஊராட்சிகளும் செப்பனிட்டுத் தர வேண்டும். அங்கே மூங்கில் பலகை வேண்டாம். ஒரு பொதுச் சமையலறையும், சிறிது மௌனமும், துலக்குவதற்குப் பாத்திரங்களும் இருந்தால் போதும்.