முழங்காலுக்குக் கீழே வேட்டி, கண்ணில் கூலிங் கிளாஸ்

போன மாதம் மட்டும் பதினோரு படம் பார்த்தேன். ஆய்வேட்டின் நான்காம் இயல் அப்படியே கிடக்கிறது, நெறியாளர் இதைப் படிக்க மாட்டார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். பதினொன்றில் ஒன்பது சண்டைப் படம். எனக்குச் சண்டைப் படம் பிடிக்கும். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும். ஈரானியப் படம் மட்டுமே பார்ப்பவர்கள் தமிழ் மசாலாவைத் திட்டி எழுதும் கட்டுரைகள் போதுமான அளவு வந்துவிட்டன. இது அந்தக் கணக்கில் வராது. நான் விசில் அடிக்கிறவன்.

பார்த்த வரிசையை முதலில் சொல்கிறேன். முத்தையா இயக்கிய குட்டிப்புலி (2013), கொம்பன் (2015), மருது (2016), தேவராட்டம் (2019), விருமன் (2022). மோகன் ஜி.யின் திரௌபதி (2020), ருத்ர தாண்டவம் (2021). இடையில் மாமன்னனும் (2023) கபாலியும் (2016) மறுபடி. கடைசியில், வாயைக் கழுவிக்கொள்வதற்காக, 1971இல் வந்த இரண்டு அமெரிக்கப் படங்கள்.

இந்த வரிசையை டீக்கடையில் சொன்னதும் கூட இருந்த தம்பி ஒருவன், முதலாமாண்டு மாணவன், கேட்டான்: "அண்ணே, மூளையைக் கழட்டி வச்சிட்டுப் பாக்க வேண்டிய படத்துக்கு ஏன்ணே இவ்வளவு யோசிக்கிறீங்க?" நல்ல கேள்வி. மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்தால் உடம்பு மட்டும்தான் மிஞ்சும். சண்டைப் படம் பேசுவதும் உடம்போடுதான். யார் எப்படி நடக்கிறார், எதில் வந்து இறங்குகிறார், எப்படி உட்காருகிறார், வேட்டியை எங்கே மடித்துக் கட்டுகிறார் என்பதெல்லாம்தான் அதன் மொழி. கதை, வசனம் எல்லாம் அப்புறம். இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'மாஸ்'.

இங்கே ஒரு பழைய பட்டியலைக் கொண்டுவருகிறேன். இன்றைய சிவகங்கை மாவட்டம் 1985 வரைக்கும் இராமநாதபுரம் மாவட்டமாக இருந்தது. அந்த இராமநாதபுரத்தில் 1930 டிசம்பரில் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதிக்கப்பட்டன. விதித்தவர்கள் நாட்டார்கள், கள்ளர் சாதியினர். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன், சாதி பற்றிய தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடு மாடு கொள்ளை போனது. அடுத்த ஆண்டு தடைகள் எட்டிலிருந்து பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது, கல்யாண ஊர்வலத்தில் குதிரை கூடாது, எந்தக் காரியத்துக்கும் எந்த வாகனமும் கூடாது.

இப்போது ஒரு தமிழ் ஹீரோவின் அறிமுகக் காட்சியை நினைத்துப் பாருங்கள். முதல் ஷாட் செருப்பு. அடுத்தது வேட்டி. அப்புறம் கையில் காப்பு, கழுத்தில் சங்கிலி. புல்லட் சத்தம். கடைசியாக முகம், கூலிங் கிளாஸ். எங்கள் தாத்தாக்களுக்குத் தடை செய்யப்பட்டவற்றை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிக்கொண்டு ஸ்லோமோஷனில் நடந்தால் அதற்குப் பெயர் மாஸ். யாரோ திட்டமிட்டு அப்படிச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு சமூகத்தில் எது கெத்து என்பது, எது யாருக்கு மறுக்கப்பட்டது என்பதிலிருந்துதான் பிறக்கும். படையப்பாவுக்கு நாற்காலி தராதபோது, துண்டை வீசி ஊஞ்சலை இறக்கிக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார் ரஜினி. 1999இல் ஒட்டுமொத்தத் தமிழ்நாடும் கத்தியது. நானும் கத்தினேன், ஏழு வயசு.

2018 மே 28 இரவு, இதே சிவகங்கை மாவட்டத்துக் கச்சநத்தத்தில் மூன்று தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கோயில் திருவிழா மரியாதைப் பிரச்சினையோடு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2022 ஆகஸ்டில் சிவகங்கை நீதிமன்றம் 27 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2025 பிப்ரவரியில் மானாமதுரை அருகே மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டுகிறான் என்ற ஆத்திரம்தான் காரணம் என்றது அந்தக் குடும்பம். எந்த வாகனமும் கூடாது என்று 1931இல் சொன்னதற்கும் இதற்கும் நடுவில் தொண்ணூற்று நாலு வருஷம்.

ஆகவே தம்பி, திரையில் புல்லட் வரும்போது மூளையைக் கழற்றி வைப்பது எல்லோருக்கும் ஒரே மாதிரி சுலபமில்லை.

முத்தையா படங்களுக்கு வருவோம். கோயில், குலசாமி, அக்கா, தங்கச்சி, மாமனார், ஆத்தா, அரிவாள். சண்டைகள் நன்றாக இருக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை. கொம்பனில் ராஜ்கிரண் வரும் காட்சிகள் எல்லாம் எனக்குப் பிடித்தவை. ஆனால் அந்த ஊர்களில் சேரி எங்கே இருக்கிறது? இரண்டரை மணி நேரம் ஓடும் படத்தில் கேமரா ஊரின் ஒவ்வொரு சந்துக்கும் போகிறது, ஒரு தெருவுக்கு மட்டும் போவதில்லை. இராமநாதபுரத்துக் கிராமம் என்கிறார்கள், அறுவடை நடக்கிறது, அறுப்பவர் யாரென்று தெரிவதில்லை. எங்களை வில்லனாகக் காட்டினால்கூடச் சண்டை போடலாம். துடைத்து எடுத்துவிட்டு அதை 'மண் மணம்' என்கிறார்கள்.

மோகன் ஜி. வகையறா வேறு. மக்களிடம் பணம் திரட்டி எடுக்கப்பட்ட சின்னப் பட்ஜெட் படம் திரௌபதி. உலகமெங்கும் 'எக்ஸ்ப்ளாய்டேஷன்' என்று ஒரு சினிமா வகை உண்டு. கையில் காசு குறைவு, நடிகர் கிடையாது, அதனால் ஊரில் எது பரபரப்போ அதை எடுத்துச் சூடாக விற்பது. திரௌபதி விற்ற சரக்கு 'நாடகக் காதல்'. 2012இல் தர்மபுரி நத்தம் காலனி எரிந்த காலத்தில் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் ஒரு பேச்சைத் தொடர்ந்து பேசிவந்தார். ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நம் பெண்களை மயக்குகிறார்கள் என்பது அந்தப் பேச்சு. 1930இன் சட்டை, பனியனுக்குப் பதில் இப்போது டி-ஷர்ட். பட்டியல் அதே பட்டியல்தான், துணிக்கடை மாறியிருக்கிறது. திரௌபதி அந்தப் பேச்சை அப்படியே படமாக்கியது. அடுத்து வந்த ருத்ர தாண்டவம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொய் வழக்குக்குத்தான் பயன்படுகிறது என்றது. ஒளிப்பதிவு மோசம், நடிப்பு மோசம் என்று நம் நண்பர்கள் கேலி செய்தார்கள். கேலி செய்து என்ன ஆனது? படம் ஓடியது. பணம் திரட்டிப் படம் எடுத்து, ஊர் ஊராக ஆள் சேர்த்துத் தியேட்டரை நிரப்பத் தெரிந்தவர்களிடம் போய் 'லைட்டிங் சரியில்லை' என்பது என்ன விமர்சனம்?

மலிவாக எடுப்பது பாவமில்லை. மெல்வின் வான் பீபிள்ஸ் 1971இல் ஸ்டூடியோக்களை நம்பாமல் சொந்தக் காசும் கடனுமாக எடுத்த ஸ்வீட் ஸ்வீட்பேக், போலீசை அடித்துவிட்டு ஓடும் ஒரு கறுப்பினத்தவனின் கதை. கரடுமுரடான படம். பல காட்சிகள், குறிப்பாகப் பெண்களை அது நடத்தும் விதம், முகம் சுளிக்க வைக்கும். அதே ஆண்டு கார்டன் பார்க்ஸ் எடுத்த ஷாஃப்ட், தோல் கோட்டு போட்ட ஒரு கறுப்பு துப்பறிவாளன் நியூயார்க் தெருவில் வண்டிகளுக்கு நடுவே நடந்து வருவதில் தொடங்குகிறது. சும்மா நடக்கிறான். அவ்வளவுதான் காட்சி. கறுப்பின உரிமை அமைப்புகளுக்குள்ளிருந்தே இந்த அலைக்கு எதிர்ப்பு வந்தது. 'பிளாக்ஸ்ப்ளாய்டேஷன்' என்ற பெயரே அந்த எதிர்ப்பில் பிறந்ததுதான். எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்த நடையை நான் மூன்று தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். கபாலி கோட்டு மாட்டியதும் கால்மேல் கால் போட்டதும் ஏன் எனக்குள் அப்படி இறங்கியது என்பதற்கு அந்த நடையில் பதில் இருந்தது.

நம் பக்கத்துக் கணக்கையும் பார்த்துவிடுவோம். மாமன்னன் வந்தபோது நடந்தது நினைவிருக்கும். இசை வெளியீட்டு விழாவில் தேவர் மகன் (1992) தன்னை எப்படி அலைக்கழித்தது என்று கமல்ஹாசன் முன்னாலேயே பேசினார் மாரி செல்வராஜ். அப்பாவை நாற்காலியில் உட்காரச் சொல்லும் மகனின் கதை. படம் ஓடிடிக்கு வந்ததும் என்ன ஆனது? ஃபகத் ஃபாசில் நடித்த சாதிவெறியன் ரத்னவேலுவை வெட்டி எடுத்து, அவரவர் சாதிப் பாட்டைப் பின்னணியில் போட்டு, ரீல்ஸ் ஆக்கிவிட்டார்கள். நாயை அடித்துக் கொல்பவன் நாயகனானான். பார்வையாளர்கள் கெட்டுப்போய்விட்டார்கள் என்று சொல்லி நகர்ந்தவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. சண்டைப் படத்தின் இலக்கணம் அடிக்கிறவனுக்குச் சாதகமானது. லோ ஆங்கிள், நிதானமான நடை, அடக்கிய குரல் எல்லாம் ரத்னவேலுவுக்குக் கிடைத்தன. வடிவேலுவுக்குக் கண்ணீர் கிடைத்தது. அந்தக் கண்ணீர் பெரிய நடிப்பு, சந்தேகமில்லை. ஆனால் கண்ணீரை யாரும் ஸ்டேட்டஸ் வைப்பதில்லை. பரியேறும் பெருமாள் (2018) இந்தப் பொறியில் சிக்கவில்லை. அது இரண்டு டீ கிளாஸையும் நடுவில் ஒரு பூவையும் காட்டி முடிந்தது, வெட்டி எடுத்து மாட்டிக்கொள்ள அதில் யாருக்கும் எதுவும் இல்லை. அதற்காக எல்லாப் படமும் பரியனாக வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. எனக்கு ஷாஃப்டும் வேண்டும்.

சண்டைப் படமே நிலவுடைமைப் புத்தி, தடை செய்யச் சொல்லிப் போராடுவோம் என்கிற தோழர்களுக்கு ஒன்று. சண்டியர் என்ற பெயரை எதிர்த்து கிருஷ்ணசாமி போராடினார், படம் 2004இல் விருமாண்டியாக வந்தது. பெயர் மாறியது. தியேட்டரில் என்ன குறைந்தது?

காரைக்குடிக்கும் சினிமாவுக்கும் பழைய உறவு. கோடம்பாக்கம் போவதற்கு முன் ஏ.வி.மெய்யப்பன் இங்கேதான் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். 1947இல் வந்த நாம் இருவர் இந்த ஊரில் எடுத்த படம். இன்றைக்கு எங்கள் ஊர் சினிமாவுக்குக் கொடுப்பது பர்மா தேக்குத் தூண் வைத்த வீடுகளையும் அதன் முன்னால் நிற்கும் ஆட்களையும். பெரிய வீட்டு ஐயா வெளியே வரும் காட்சிக்கு, முற்றத்தில் கைகட்டி நிற்க முப்பது பேர் வேண்டும். நாள் கூலி, சாப்பாடு. ஆட்கள் எங்கள் தெருக்களிலிருந்து போவார்கள்.

என் சித்தப்பா பெயிண்டர். சில வருஷத்துக்கு முன் வேலை இல்லாத நாளில் அப்படி ஒரு படப்பிடிப்புக்குப் போனார். நல்ல சட்டை, புதுச் செருப்பு. சினிமாவாச்சே. உதவி இயக்குநர், சின்னப் பையன், மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறான்: "அண்ணே, சட்டையைக் கழட்டிருங்க. செருப்பு வேணாம். துண்டை இடுப்புல கட்டிக்கங்க, ரியலா இருக்கும்." எங்கள் அப்பத்தா அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. தாத்தா முதன்முதலில் செருப்புப் போட்டு ஊருக்குள் போய், செருப்போடு திரும்பி வந்த நாளின் கதை. அந்தத் தாத்தாவின் மகன் வெயில் ஏறிய கல் முற்றத்தில் ஆறு டேக் வெறுங்காலில் நின்றார். படம் வந்தது. சித்தப்பா இரண்டு நொடி வருகிறார், தெளிவில்லாமல். ஹீரோவின் தோளுக்குப் பின்னால். அன்றைக்குத் தியேட்டரில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்தான். விசில் அடிக்கக் கை உதட்டுக்குப் போனது, அப்படியே நின்றது. அவர் திரும்பிப் பார்த்து, "அடிடா, சண்டை நல்லாத்தான இருக்கு?" என்றார்.

போன வருஷம் அதே ஏஜென்ட் மறுபடி கூப்பிட்டிருக்கிறார். "செருப்பு போட்டுக்கலாமா?" என்று சித்தப்பா கேட்டாராம். "இது 1960ல நடக்கிற கதைண்ணே" என்று பதில். "அதான் கேக்குறேன்" என்றிருக்கிறார். அப்புறம் அந்த நம்பரிலிருந்து அழைப்பு வரவில்லை.