கைநாட்டுக் காலம் மீண்டும் வரலாமா?

கடைவீதிக்குப் போய்ப் பாருங்கள். பூக்கடையில் ஒரு சிறு பெட்டி பேசும். "முப்பது ரூபாய் வந்தது" என்று அது சொல்லும். பூ வாங்கியவர் நடையைக் கட்டிவிடுவார்.

நோட்டு கை மாறவில்லை. சில்லறைத் தகராறு இல்லை. ஆனால் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது!

இளநீர் விற்பவர், ஆட்டோ ஓட்டுபவர், இட்லிக் கடை நடத்துபவர் என்று பலரிடமும் இப்போது கட்டம் போட்ட அட்டை இருக்கிறது. செல்போனை அதற்கு நேரே காட்டி, தொகையைத் தட்டி, ரகசிய எண்ணைப் போட்டால் காரியம் முடிந்தது. நம் பாங்கிக் கணக்கில் இருந்து கடைக்காரர் கணக்குக்குப் பணம் போய்விடும்.

இந்த ஏற்பாட்டுக்கு 'யு.பி.ஐ.' என்று பெயர். 2016-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் இது அறிமுகம் ஆயிற்று. அதே ஆண்டு நவம்பர் 8-ந் தேதி இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்தது. நோட்டு இல்லாமல் தவித்தவர்கள் செல்போன் பக்கம் திரும்பினார்கள்.

2023 ஆகஸ்டில், ஒரே மாதத்தில் 1,000 கோடி தடவைக்கு மேல் இந்த வழியில் பணம் கை மாறியது. 2025 ஆகஸ்டில் அது 2,000 கோடியைத் தாண்டியது.

நல்ல மாற்றம்தான். ஆனால் ஒரு விஷயம் மனதை உறுத்துகிறது.

அம்மாவின் பணம், யார் கையில் சாவி?

எத்தனையோ வீடுகளில் செல்போன் அம்மாவுடையது. கணக்கும் அம்மாவுடையது. ரகசிய எண் மட்டும் அம்மாவுக்குத் தெரியாது. மகனுக்குத் தெரியும். சில சமயம் பக்கத்துக் கடைக்காரருக்கும் தெரியும்!

"உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்? நானே போட்டுடறேன்" என்கிறான் மகன்.

அன்பாகத்தான் சொல்கிறான். ஆனால் கணக்கில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு போயிற்று என்பது பணத்துக்கு உரியவருக்கே தெரியாமல் போகிறது.

நம் தாத்தா, பாட்டி காலத்தை நினைத்துப் பாருங்கள். வட்டிக்குக் கொடுப்பவர் தாளை நீட்டுவார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாது. கட்டை விரலை உருட்டிவிட்டு வருவார்கள். வாங்கிய கடன் நூறாக இருக்கும். தாளில் ஆயிரம் என்று இருக்கும். நிலம் கைவிட்டுப் போன பிறகே விவரம் புரியும்.

ரகசிய எண்தான் இன்றைய கையெழுத்து. அதை இன்னொருவரிடம் சொல்வது, வெற்றுத்தாளில் கைநாட்டு வைப்பதற்குச் சமம்.

ஏமாறாமல் இருக்க

ஏமாற்றுக்காரர்கள் இதை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது. பணம் வருவதற்கு ரகசிய எண்ணைப் போடுங்கள்" என்று போனில் பேசுவார்கள். போட்டால் பணம் வராது. இருக்கிற பணம் போய்விடும்!

ஒன்றை நினைவில் வையுங்கள். நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. நம் பணம் வெளியே போவதற்குத்தான் அது வேண்டும்.

ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பணம் வேறு கணக்குக்குத் தாவுவதற்கு முன்பு தடுத்து நிறுத்த வழி உண்டு. தாமதித்தால் கஷ்டம்.

அன்று சைக்கிள், இன்று செல்போன்

1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அங்கே பெண்கள் எழுத்து மட்டும் கற்கவில்லை. சைக்கிள் விடவும் கற்றார்கள். பின்னால் உட்கார்ந்து போனவர்கள் தாங்களே மிதித்துக்கொண்டு போனார்கள். கேலி செய்தவர்களும் வழிவிட்டார்கள்.

அன்று சைக்கிளுக்குச் செய்ததை இன்று செல்போனுக்குச் செய்ய வேண்டும்.

பிள்ளைகளே, அம்மாவுக்காக நீங்கள் பணம் அனுப்பாதீர்கள். அனுப்பக் கற்றுக்கொடுங்கள். பத்து ரூபாயில் தொடங்குங்கள். தப்பினால் சிரிக்காதீர்கள். நீங்கள் 'அ' எழுதப் பழகியபோது அம்மா சிரிக்கவில்லை.

தாய்மார்களே, பெரியவர்களே, பழகும் வரை ரொக்கம் கொடுத்து வாங்குங்கள். அதில் கவுரவக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் பழகுவதை விட்டுவிடாதீர்கள். ரகசிய எண்ணை நீங்களே வையுங்கள், நீங்களே போடுங்கள்.

கட்டை விரலை உருட்டிய கை பேனா பிடித்தது. பேனா பிடித்த கைக்கு நான்கோ ஆறோ எண்களைத் தட்டுவது பெரிய காரியமா, என்ன?