டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள்!

மாணவ நண்பர்களே! 'எண்ணெய்ப் பசையுள்ள சருமத்துக்கு' என்று ஒரு டியூப். 'வறண்ட சருமத்துக்கு' என்று இன்னொன்று. கடைக்காரர் முன்பக்கத்தைக் காட்டுவார். நீங்கள் பின்பக்கத்தைப் பாருங்கள் என்கிறேன் நான்.

அங்கே சேர்மானப் பட்டியல் இருக்கும். நம் நாட்டு விதிப்படி, 1 சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அளவின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும். பெரும்பாலும் இரண்டிலும் முதலில் வருவது என்ன தெரியுமா? தண்ணீர்! அதையடுத்து அழுக்குநீக்கி. அதன் மூலக்கூறில் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். எண்ணெயைச் சூழ்ந்துகொண்டு நீரோடு இழுத்துச் சென்றுவிடும்.

அப்படியானால் வேறுபாடே இல்லையா? உண்டு. வறண்ட சருமத்துக்கானதில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிளிசரின் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். மற்றதில் சாலிசிலிக் அமிலம் இருக்கலாம். எண்ணெயில் கரைவதால் அது மயிர்த்துளைக்குள் புகும். முன்பக்கப் படத்தில் பளபளக்கும் வேப்பிலையோ, பல டியூபுகளில் பட்டியலின் கடைசியில்தான் ஒண்டிக்கொண்டிருக்கும்!

சோப்பின் கதை வேறு. தோலின் பிஎச் சுமார் 5. சாதாரண சோப்புக் கரைசலுக்குச் சுமார் 10. அதாவது, ஹைட்ரஜன் அயனிச் செறிவில் 1,00,000 மடங்கு வேறுபாடு! பள்ளி ஆய்வகத்தில் சிவப்பு லிட்மஸ் தாளைச் சோப்புக் கரைசலில் தோய்த்துப் பாருங்கள்; நீலமாகும்.

என் மாணவர் சிலர் பருவுக்கு அஞ்சி நாளுக்கு ஐந்து முறை முகத்தைத் தேய்க்கிறார்கள். பரு அழுக்கால் வருவதன்று; வளரும் வயதில் ஹார்மோன்களின் தூண்டுதலால் வருவது. தேய்த்தால் எரிச்சல்தான் மிஞ்சும். மென்மையான ஒன்றால் இருமுறை கழுவினால் போதும். பரு வலித்தாலோ, தழும்பு விழுந்தாலோ மருத்துவரிடம் செல்லுங்கள்.

பெற்றோர் பணத்தைக் கொடுக்கும்முன் பட்டியலைப் படியுங்கள். வேதியியல் பாடம் தேர்வுக்கு மட்டுமா?