வேலியும் சுமையும்

அயல்நாட்டுச் சரக்கின் மீது அரசு விதிக்கும் இறக்குமதி வரி, உள்நாட்டு உற்பத்தியாளருக்கு வேலியாக நின்றாலும், அச்சரக்கையே மூலப்பொருளாகக் கொள்வோருக்குச் சுமையாகிறது. கூட்டிலிருந்து நூற்றெடுத்த கச்சாப் பட்டின் அடிப்படைச் சுங்க வரி 2011இல் 30 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு, மலிவான சீனப் பட்டுக்கு வழி திறந்தபோது, தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் வெண்கூடுகளைக் கொட்டி ஏலத்துக்குக் காத்திருக்கும் மல்பெரி உழவரின் பிழைப்பு ஆட்டங்கண்டது. இடையில் 10 விழுக்காடாகியிருந்த அவ்வரி 2021இல் 15 விழுக்காடாக உயர்ந்தபோதோ, சுமை காஞ்சிபுரம், ஆரணி நெசவாளரின் தறிக்கு இடம்மாறியது.

ஆகவே, வரி நன்மையா தீமையா என்பதை அதன் அளவும் காலமுமே தீர்மானிக்கின்றன. வேலி நிற்கும் காலத்திலேயே தரமான பட்டுப்புழு முட்டைத்தொகுதி, தானியங்கி நூற்பு இயந்திரம், நெசவாளருக்கு நியாய விலை நூல் ஆகியவற்றை அரசு உறுதிசெய்தாக வேண்டும். அவையின்றி வரி மட்டும் எவரையும் வாழவைக்காது.